அந்த ஒரு செமஸ்டரையும் எழுதுங்கள்

சித்திரை பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வர ஆரம்பிக்கும். நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்களின் டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது எடுத்த பாடங்களும் கிரேடுகளும் உள்ள பட்டியலை, வெளியே அனுப்புவதும், வெளியிலிருந்து வருவதைச் சரிபார்ப்பதும்தான் பெரும்பாலும் என் பிழைப்பு. தமிழ்ப் பள்ளியிலும் கோயிலிலும் பழகிய குடும்பங்களுக்கு இது தெரியும். மே மாதத் தொடக்கத்தில் மருத்துவப் பள்ளிகளுக்கான விண்ணப்பம் திறந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "அக்கா, பத்தாவது முடிச்ச லீவுல கம்யூனிட்டி காலேஜ்ல ஒரே ஒரு கோர்ஸ் எடுத்தா. அதையும் போடணுமா?"

போடணும். சி கிரேடு வந்திருந்தாலும், பாதியில் விட்டிருந்தாலும், அந்தப் பாடத்துக்கான கிரெடிட் (பாட அலகு) வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருந்தாலும் போடணும்.

இங்கே எம்.டி. படிப்புக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஆம்காஸ் வழியாகப் போகிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் பொது விண்ணப்பச் சேவை அது. அதன் விதி தெளிவானது. பள்ளிக்குப் பிந்தைய கல்வி நிறுவனம் எதில் ஒரு பாடத்துக்காவது பதிந்திருந்தாலும் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள நிறுவனமாக இருந்தால், அதன் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேராக ஆம்காஸுக்குப் போக வேண்டும். கிரெடிட் கிடைத்ததா, பட்டம் வாங்கினார்களா என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. படித்த பாடங்களை ஒவ்வொன்றாக மாணவரே உள்ளிட வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்டோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்து வந்தபின்தான் விண்ணப்பம் பள்ளிகளுக்குப் போகும்.

மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் குறைவு. கல்லூரி என்றே தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் அட்வான்ஸ் திட்டம் எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறது. பிள்ளை தன் பள்ளி வகுப்பறையிலேயே, தன் ஆசிரியரிடமே பாடம் படிக்கிறது. கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டால் சிராக்யூஸின் டிரான்ஸ்கிரிப்ட் உருவாகிவிடுகிறது. அந்த வளாகத்தில் கால்கூட வைக்காத பெண், "நான் அங்க படிக்கவே இல்லையே ஆன்ட்டி" என்கிறாள். படித்திருக்கிறாள், காகிதம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 1990-இல் சட்டமாகி வந்த ரன்னிங் ஸ்டார்ட் திட்டமும் இந்த வகைதான்: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே கம்யூனிட்டி காலேஜில் போய்ப் படிக்கிறார்கள். டெக்சாஸிலோ டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம்) எடுக்காத பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். இவை எல்லாமே பட்டியலில் வர வேண்டும். ஆம்காஸில் இந்தப் பாடங்களை 'உயர்நிலைப் பள்ளிக் காலம்' என்று குறித்துவிடலாம், தனி வரியில் வரும். உயர்நிலைப் பள்ளியில் எழுதும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வு மட்டும் வேறு. அது தேர்வு, கல்லூரி இல்லை. அதற்கு கிரெடிட் கொடுத்த கல்லூரியின் கீழே அதை எழுதினால் போதும்.

அடுத்தது கோடைகால வகுப்பு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைச் சொந்தக் கல்லூரியில் எடுக்கப் பயந்து, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கவுன்ட்டி காலேஜில் ஜூன் மாதம் சேர்ந்து, மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்தோடு அங்கே ஒரு டிரான்ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அந்த எழுத்துக்கு மதிப்பெண் கிடையாது, 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவை அது தொடுவதில்லை. ஆனாலும் அதைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பயத்துக்கு என்னிடம் உள்ள மருந்து கணக்குதான். ஒரு மாணவர் 120 கிரெடிட் முடித்திருக்கிறார், ஜிபிஏ 3.80 என்று வைத்துக்கொள்வோம். வேறொரு கல்லூரியில் எடுத்த 4 கிரெடிட் பாடத்தில் சி. சேர்த்துக் கணக்கிட்டால் 3.74 வரும். அதே பாடத்தில் எஃப் வாங்கியிருந்தால் 3.68. அறிவியல், கணிதப் பாடங்களை மட்டும் வைத்து ஆம்காஸ் இன்னொரு ஜிபிஏ போடும். அதில் மொத்த கிரெடிட் குறைவு என்பதால் அடி கொஞ்சம் பலமாக விழும். 50 கிரெடிட்டில் 3.80 உள்ளவருக்கு அந்த சி சேர்ந்தால் 3.67 ஆகும். வலிக்கத்தான் செய்யும், இல்லையென்று சொல்லமாட்டேன். 2023-இல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர்தான் உள்ளே போனார்கள். ஒவ்வொரு புள்ளியும் பெரிசாகத் தெரிகிற இடம் அது. ஆனால் 3.74 என்று எழுதி உள்ளே போனவர்கள் ஏராளம். கல்லூரியை மறைத்தது தெரிந்து திரும்பி வந்த விண்ணப்பத்தில் ஜிபிஏ எவ்வளவு இருந்தும் பயனில்லை.

திரும்பி வருவது என்றால் நிஜமாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உச்ச காலத்தில் சரிபார்ப்புக்கே பல வாரம் பிடிக்கும். விட்டுப்போன கல்லூரியைச் சேர்த்து, அதன் டிரான்ஸ்கிரிப்ட்டை வரவழைத்து, மறுபடி வரிசையில் நிற்பதற்குள் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். இங்கே பெரும்பாலான பள்ளிகள் வருகிற விண்ணப்பங்களை வந்த வேகத்திலேயே பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டு போகின்றன. தாமதம் என்பதே பாதித் தோல்வி. வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் ஆம்காஸ் விசாரணை தொடங்கும். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுப்பார்கள், பிறகு விசாரணையின் அறிக்கை விண்ணப்பித்த பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சேரும்.

"எப்படித் தெரியும்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். என் மேசைக்கு வரும் காகிதங்களை வைத்தே சொல்கிறேன். இரண்டாவது கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட்டில் முதல் கல்லூரியின் பெயர் அநேகமாக மேலேயே இருக்கும், மாற்றி எடுத்த கிரெடிட்டுக்குப் பக்கத்தில். உயர்நிலைப் பள்ளி முடித்த வருஷத்துக்கும் கல்லூரி சேர்ந்த வருஷத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம் எடுத்திருந்தால், முதல் பாகம் எங்கே என்ற கேள்வி தானாக எழும். 1993-இல் தொடங்கிய நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்புக்கு இந்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை யார் எப்போது சேர்ந்தார் என்ற விவரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் அலுவலகமும் அனுப்புகிறது. பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர் நல்லெண்ணத்தோடு "அங்கே சிரமப்பட்டு, இங்கே வந்து மீண்டான்" என்று ஒரு வரி எழுதிவிடுவார். அதுவும் போதும்.

ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்தை மட்டும் காட்டி நான் இதைச் சொல்ல விரும்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நண்பர் குடும்பத்துப் பையன். தூரத்து மாநிலம் ஒன்றில் பெரிய பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தான். முதல் வருஷம் பாதியில் அவன் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வாரக்கடைசியில் பஸ்ஸிலும் ரயிலிலும் வீட்டுக்கு வந்துபோனான், பரீட்சைகளைத் தவறவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கிரேடு சரியில்லை என்று எச்சரிக்கும் ப்ரொபேஷன் கடிதம் வந்தது, அப்புறம் கல்லூரியை விட்டு நீக்கும் டிஸ்மிஸல் கடிதம். சொந்தக்காரர்களிடம் "டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துட்டான்" என்று சொல்லி வீட்டில் மூடிவிட்டார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். பையன் கவுன்ட்டி காலேஜில் ஆரம்பத்திலிருந்து படித்தான், பிறகு மாநிலக் கல்லூரிக்கு மாறினான், ஊர் ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாடில் தன்னார்வலராக இரவு முறை பார்த்தான். கிரேடு எல்லாம் ஏ. கடைசியில் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றான்.

அவன் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்த ரெண்டு செமஸ்டர எதுக்கும்மா எழுதணும்? ஒரு கிரெடிட்கூட அங்கேர்ந்து எடுத்துட்டு வரலையே. அவன் வாழ்க்கையில அது நடக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாமே." அந்தக் குரலில் சூது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மகன் மறுபடி அவமானப்பட்டுவிடக்கூடாது என்ற தவிப்புதான் இருந்தது. கல்லூரியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று சொன்னபோது அவர் மௌனமாகிவிட்டார். படிப்பில் பின்தங்கியதற்காகவோ நடத்தைக்காகவோ எந்தக் கல்லூரியாவது உங்கள் மேல் நடவடிக்கை எடுத்ததுண்டா என்பது அந்தக் கேள்வி. பதிவேட்டிலிருந்து அந்த நடவடிக்கை நீக்கப்பட்டிருந்தாலும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கத்துக்கு 1,325 எழுத்துகள் கொண்ட ஒரு பெட்டி தருகிறார்கள்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். அந்த ரெண்டு செமஸ்டரை எழுதாவிட்டால், அம்மாவுக்காக அவன் பஸ்ஸில் வந்துபோனதை எழுத இடமே கிடையாது. கவுன்ட்டி காலேஜில் ஏன் சேர்ந்தான், ஏன் இவ்வளவு உழைத்தான், ஆம்புலன்ஸில் ஏன் ஏறினான், எதற்குமே தொடக்கம் இல்லாமல் போய்விடும். தேர்வுக் குழுவினர் டிரான்ஸ்கிரிப்ட்டைத் தாங்களாகப் பார்த்துக் கண்டுபிடித்தால் அவர்கள் கண்ணில் படுவது எஃப்கள் மட்டும். அவன் எழுதினால்தான் காரணமும் சேர்ந்து போகும். காரணத்தைச் சொல்லும் உரிமை எழுதியவனுக்கு மட்டும்தான் இருக்கிறது.

பையன் எழுதினான். பெட்டியில் முதல் வரைவு முழுக்க அம்மாவின் நோயைப் பற்றியே இருந்தது. அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். என்ன நடந்தது என்று இரண்டு வரி, தான் உதவி கேட்காமல் இருந்ததை ஒரு வரி, அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டான் என்பதை மீதி இடம் முழுக்க. யார் மேலும் பழி போடவில்லை, அழவுமில்லை. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகவே பேசினேன் என்றான். இப்போது அவன் மருத்துவ மாணவன். அவன் அப்பா சொந்தக்காரர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம்.

நம் பெற்றோர்களுக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு அந்நியமாகப் படுகிறது என்று யோசித்திருக்கிறேன். நாம் வளர்ந்த முறையில் வாசல் ஒன்றுதான்: ப்ளஸ் டூ மார்க், அல்லது நுழைவுத் தேர்வு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர நீட் மதிப்பெண் வேண்டும். அதற்கு முன் ஒருவன் பி.எஸ்சி.யில் ஒரு வருஷம் இருந்து விட்டுவிட்டு வந்தான் என்பது அவன் தரவரிசையை மாற்றாது. டிஸ்கன்டினியூ பண்ணிவிட்டு மறுபடி எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு இருக்கும் ஒரே தலைவலி, பழைய கல்லூரியிலிருந்து டிசியையும் ஒரிஜினல் சர்டிபிகேட்களையும் வாங்குவது. கட்டணம் கட்டாமல் தரமாட்டோம் என்று கல்லூரிகள் பிடித்துவைத்த கதைகள் எத்தனையோ. ஒரிஜினல்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்று யுஜிசி 2016 டிசம்பரில் அறிவிப்பே வெளியிட வேண்டியிருந்தது. அரியர் எழுதி கிளியர் பண்ணிவிட்டால் தோல்வி முடிந்துபோன சமாச்சாரம் என்ற பழக்கத்தோடுதான் நாம் இங்கே வந்து இறங்குகிறோம். இங்கே பரீட்சை ஒன்று இருந்தாலும், எம்கேட்டில் 528-க்கு 520 வாங்கினாலும், பதினைந்து வயதில் எடுத்த முதல் கல்லூரிப் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் விரித்துவைத்துத்தான் பார்ப்பார்கள். திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் ஆம்காஸ் முதல் முயற்சியையும் சேர்த்தே கணக்கிடும். ஆஸ்டியோபதி என்ற இன்னொரு வகை மருத்துவப் பள்ளிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆகோமாஸ் ஒரு காலத்தில் கடைசி முயற்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தச் சலுகை 2017-இல் போய்விட்டது. சில கல்லூரிகள் பழைய மோசமான செமஸ்டரை மன்னித்து உள் கணக்கிலிருந்து நீக்கிவிடும். ஆம்காஸ் அந்த மன்னிப்பை ஏற்பதில்லை, பாடங்களை உள்ளிடத்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு டெக்சாஸ். பத்து வருஷத்துக்கு மேலான பாடங்களைச் சேர்க்கையில் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள அந்த மாநிலச் சட்டம் வழி தருகிறது. அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்பார்கள். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் விட முடியாது, அந்தக் காலப் பாடங்கள் மொத்தமாகப் போகும். அது மதிப்பெண்ணுக்கான சலுகை. கல்லூரியை மறைக்கத் தந்த அனுமதி என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவில் ஒரு வருஷம் படித்துவிட்டு கிரீன் கார்டு வந்ததும் இங்கே வந்த பிள்ளைகள் தனியாகக் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங்கோ மதுரையில் பி.காமோ, எதுவானாலும் கல்லூரியின் பெயரை எழுதுங்கள். வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்ட்டை ஆம்காஸ் கேட்பதில்லை, அந்த மதிப்பெண்களை ஜிபிஏவில் சேர்ப்பதும் இல்லை. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஆகோமாஸுக்கு அனுப்புவதானால் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படலாம். இந்தியாவிலோ கரீபியன் தீவுகளிலோ மருத்துவமே சேர்ந்து பாதியில் விட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு ஏதாவது மருத்துவப் பள்ளியில் சேர்ந்ததுண்டா என்று தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள். சேர்ந்து பாதியில் விட்டவரை எடுக்கத் தயங்கும் பள்ளிகள் உண்டு என்பதால் அந்தப் பள்ளிகளுக்கே எழுதிக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் மறைக்கிறார்கள். அதை யாரும் வெளியே பேசுவதில்லை. பழைய கல்லூரியில் பணம் பாக்கி இருக்கும். பாக்கியைக் கட்டாமல் டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்காது, கட்டப் பணம் இல்லை, ஆகவே அந்தக் கல்லூரியின் பெயரே எழுதவில்லை. இப்படி நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் பிள்ளைகள் மேல் வருவதில்லை, டிரான்ஸ்கிரிப்ட்டைப் பிணையாகப் பிடித்துவைக்கும் வழக்கத்தின் மேல்தான் வருகிறது. கலிஃபோர்னியா 2020-இலிருந்து அதைத் தடைசெய்தது, நியூயார்க் 2022-இல் சட்டம் போட்டது. உங்கள் மாநிலத்தில் இப்போது என்ன விதி என்று பாருங்கள். தடை இல்லாத இடத்திலும் நிதி அலுவலகத்துக்கு எழுதித் தவணை கேட்டால் டிரான்ஸ்கிரிப்ட்டை விடுவித்துத் தருகிற கல்லூரிகள் உண்டு. விண்ணப்பிக்கிற வருஷத்தில் கேட்காமல், ஒரு வருஷம் முன்பே கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது பதினாறே ஆனாலும், அந்தக் கல்லூரிப் பதிவின் மேல் உள்ள உரிமை, மாணவர் பதிவுகளின் ரகசியம் பற்றிய 1974-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, பிள்ளையுடையது. நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து "என் பையனோட ரெக்கார்டுல என்ன இருக்கு?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். பிள்ளையே கேட்கட்டும். கேட்கிற அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நின்று திட்டாமல் இருந்தால், மறந்துபோன கல்லூரிகள்கூட அவனுக்கு ஞாபகம் வரும். வீட்டில் சொல்லவே முடியாத கல்லூரிதான் விண்ணப்பத்திலும் விடுபட்டுப் போகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷ வாரியாக உட்கார்ந்து எழுதுங்கள்: எங்கே பதிந்தோம், எங்கே கட்டணம் கட்டினோம், எந்த ஊரில் கோடையைக் கழித்தோம். பழைய மின்னஞ்சலில் கல்லூரிகளின் பெயரைத் தேடுங்கள். கட்டண ரசீதுகள் நிறையச் சொல்லும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஜனவரி, பிப்ரவரியிலேயே உங்களுக்கென்று ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பெயரும் கிரெடிட்டும் அதில் உள்ளபடியே உள்ளிட வேண்டும், ஞாபகத்திலிருந்து எழுதினால் பிசகும். சேர்ந்து, வகுப்பு தொடங்கும் முன்பே பெயரை எடுத்துவிட்ட இடம் ஏதாவது இருந்தால் அங்கேயும் கேளுங்கள். எங்களிடம் பதிவே இல்லை என்று அவர்கள் சொன்னால், அதை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் எங்கே என்று ஆம்காஸ் கேட்கும்போது காட்ட அந்தக் கடிதம் போதும்.